குழு வண்டிக்குப் பூச்சித் தடுப்பு: வாங்கும் முன்பும் மாட்டும்போதும் கவனிக்க வேண்டியவை



எங்கள் குழு பிக்கப் வண்டிக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. வண்டியை ஓட்டுவது எங்கள் குழுவிலேயே ஒரு தங்கச்சி. சாயந்திரம் தோட்டங்களில் தக்காளி, கத்தரி, முருங்கை ஏற்றிக்கொண்டு ராத்திரி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இறக்குவோம். வங்கிக் கடனில் வாங்கிய வண்டி. ஒரு நாள் நின்றாலும் தவணை நிற்காது என்பது உங்களுக்குத் தெரியாததா!

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். ரோட்டின் இரண்டு பக்கமும் நெல் வயல். ஹெட்லைட் வெளிச்சத்தில் ஈசலும் தத்துப்பூச்சியும் அந்துப்பூச்சியும் கூட்டம் கூட்டமாக வந்து முன் கண்ணாடியில் மோதின. தங்கச்சி வைப்பரைப் போட்டாள். கண்ணாடி முழுக்க மோர் தெளித்தது போல் வெள்ளையாகிவிட்டது. எதிரே வந்த லாரியின் வெளிச்சம் பட்டதும் ஒன்றுமே தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து, பின்னால் விளக்கும் இல்லாமல் சிவப்புப் பட்டையும் இல்லாமல் ஒரு கரும்பு டிராக்டர் ரோட்டோரம் நின்றிருக்கிறது. கடைசி நொடியில் பிரேக் போட்டதால் தப்பித்தாள். ஆறு பெட்டி தக்காளி சரிந்து கூழாகிவிட்டது. அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை, தெய்வாதீனம்.

மறுநாள் கூட்டத்தில் அவள் சொன்னது இன்னும் என் காதில் கேட்கிறது. “அக்கா, தக்காளி போனா போவுது. எனக்கு முன்னாடி என்ன இருக்குன்னே தெரியல. அந்தப் பயம்தான் போக மாட்டேங்குது.”

இதற்கு ஒரு வழி பண்ண வேண்டும் என்று தீர்மான நோட்டில் எழுதினோம். முதலில் ஏமாந்தோம், அப்புறம் விசாரித்துச் சரியாகச் செய்தோம். நாங்கள் பட்ட சிரமம் நீங்கள் படக்கூடாது என்றுதான் இந்தக் கட்டுரை.

பூச்சித் தடுப்பு என்றால் என்ன?

பானெட்டின் முன் விளிம்பில், குறுக்கே மாட்டும் வளைந்த பிளாஸ்டிக் தகடுதான் இது. கடைகளில் பக் டிஃப்ளெக்டர், பானெட் கார்டு, பானெட் புரொடெக்டர் என்று பல பெயர் சொல்வார்கள். அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் நெடுந்தூரம் ஓடும் பிக்கப் வண்டிகளில் பல வருஷமாகவே மாட்டுகிறார்கள்.

இது எப்படி வேலை செய்கிறது? வாய்க்காலில் ஒரு கல் கிடந்தால் தண்ணீர் அதன்மேல் எழும்பித் தாண்டிப் போகிறது இல்லையா? அதுபோல வண்டி வேகமாகப் போகும்போது எதிரே வரும் காற்று இந்தத் தகட்டில் பட்டு மேலே எழும்புகிறது. அந்தக் காற்றோடு சின்னப் பூச்சிகளும் எழும்பி, கண்ணாடிக்கு மேலாகப் போய்விடுகின்றன.

எல்லாப் பூச்சியும் போய்விடுமா? போகாது. முறத்தில் நெல் புடைக்கும்போது பாருங்கள். உமியும் தூசியும் காற்றோடு பறக்கும், நெல்மணி நேராக விழும். இங்கேயும் அதே கணக்குத்தான். கொசு, தத்துப்பூச்சி மாதிரி லேசானவை காற்றோடு போகும். வண்டும் வெட்டுக்கிளியும் கனமானவை, நேரே வந்து கண்ணாடியில்தான் அடிக்கும்.

இன்னொன்று, காற்று எழும்ப வேகம் வேண்டும். ஊருக்குள் 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டிக்கு இந்தத் தகட்டால் பெரிய பலன் இல்லை. நெடுஞ்சாலையில் போகிற வண்டிக்குத்தான் பலன் தெரியும். அதோடு முன்னால் போகும் லாரியின் சக்கரத்திலிருந்து தெறிக்கும் பொடிக்கல் பானெட் விளிம்பில் பட்டுப் பெயிண்ட் உரிவதையும் இது தடுக்கும். பெயிண்ட் உரிந்த இடத்தில்தான் துரு பிடிக்கும்.

நம்ம வண்டிக்கு இது தேவையா?

முதலில் வண்டியின் முகத்தைப் பாருங்கள். பொலிரோ பிக்கப் மாதிரி மூக்கு நீண்ட வண்டிக்கு, அதாவது முன்னால் பானெட் இருக்கும் வண்டிக்குத்தான் இது பொருந்தும். 2005இல் வந்த டாடா ஏஸ், நம்ம பாஷையில் ‘குட்டி யானை’, அதற்கு எஞ்சின் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. முகம் தட்டை. அதில் இதை மாட்டி எந்தப் பிரயோஜனமும் இல்லை. கடைக்காரர் “எல்லா வண்டிக்கும் மாட்டலாம்மா” என்று சொன்னாலும் தலையாட்டி விடாதீர்கள்.

அடுத்து, எந்த நேரத்தில், எந்த ரோட்டில் வண்டி ஓடுகிறது என்று பாருங்கள். வயல், குளம், வாய்க்கால் ஓரமாக ராத்திரியில் வேகமாக ஓடுகிற வண்டிக்குத் தேவைப்படும். பகலில் ஊருக்குள் ஓடுகிற வண்டிக்கு அந்தப் பணத்தைச் சேமிப்பில் போடலாம்.

தகடு வாங்கும் முன் செய்ய வேண்டிய மூன்று வேலைகள்

எங்களுக்கு வண்டி பார்க்கும் மெக்கானிக் அண்ணன் முதலில் கேட்ட கேள்வியே இதுதான். “வைப்பர் ரப்பர் மாத்தி எத்தனை நாள் ஆச்சும்மா?” நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வண்டி வாங்கியதிலிருந்து மாற்றவே இல்லை!

1. வைப்பர் ரப்பர்: நம்ம ஊர் வெயிலில் ரப்பர் சீக்கிரம் இறுகி வெடித்துவிடும். வருஷத்துக்கு ஒரு முறையாவது, மழைக்காலம் தொடங்கும் முன் மாற்றிவிட வேண்டும். கண்ணாடியில் கோடு கோடாக விட்டால் உடனே மாற்ற வேண்டும்.

2. கண்ணாடி கழுவும் தண்ணீர்: பானெட்டுக்குள் இதற்கென்று ஒரு சின்னத் தொட்டி இருக்கும். எங்கள் வண்டியில் அது காய்ந்து கிடந்தது. காய்ந்த கண்ணாடியில் வைப்பர் போட்டதால்தான் பூச்சி அரைபட்டு வெள்ளையாகப் பரவியது. முதலில் தண்ணீர் பீய்ச்ச வேண்டும், அப்புறம்தான் வைப்பர் போட வேண்டும். தொட்டியில் நல்ல தண்ணீரோடு கார் ஷாம்பு சில சொட்டு விட்டால் போதும். துணி துவைக்கும் பவுடர் போடாதீர்கள், தண்ணீர் வரும் சின்னத் துளை அடைத்துக்கொள்ளும்.

3. கண்ணாடியின் உள்பக்கம்: வெளியே மட்டும் துடைத்தால் போதாது. உள்ளே படியும் தூசியும் எண்ணெய்ப் பசையும்தான் எதிர் வண்டியின் வெளிச்சத்தில் கண்ணைக் கூசச் செய்யும். வாரம் ஒரு முறை உள்ளேயும் துடையுங்கள்.

இந்த மூன்றையும் செய்தபிறகும் தொந்தரவு இருந்தால்தான் தகடு வாங்கும் யோசனைக்குப் போக வேண்டும்.

நாங்கள் எப்படி ஏமாந்தோம்?

கூட்டத்தில் ஒருத்தர், “முன்னாடி பெரிய இரும்புக் கம்பி கார்டு போட்டுட்டா பூச்சிக்கும் ஆச்சு, மோதலுக்கும் ஆச்சு” என்றார். நல்லவேளை, விசாரித்தோம். வண்டியின் முன்னால் இப்படி இரும்புக் கம்பி கார்டு மாட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு விரோதம் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. அந்தக் கம்பி பூச்சியைத் தடுக்காது. ரோட்டில் நடந்து போகிற மனுஷர் மேல் பட்டால் உயிருக்கே ஆபத்து. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, அனுமதி இல்லாமல் வண்டியில் மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். குழுப் பெயரில் ஆர்.சி. இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

அதனால் பிளாஸ்டிக் தகடே போதும் என்று முடிவு செய்தோம். ஆனால் அவசரப்பட்டு, ரோட்டோரக் கடையில் “எந்த வண்டிக்கும் பொருந்தும்” என்று சொன்ன ஒன்றை வாங்கி ஒட்டினோம். பில்லும் வாங்கவில்லை. பத்தாம் நாள் ஒரு பக்கம் விட்டுக்கொண்டு, ஓடும்போது படபடவென்று அடித்தது. கழற்றிப் பார்த்தால், உரசி உரசி ஒரு விரல் அகலத்துக்குப் பெயிண்ட் போய் இரும்பு தெரிந்தது. தகட்டுக் காசும் போய், பெயிண்ட் செலவும் சேர்ந்தது. அந்த வவுச்சரை எழுதும்போது என் கை கூசியது.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

வண்டியின் பெயர் மட்டும் சொன்னால் போதாது. எந்த மாடல், எந்த வருஷம் என்று ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரே பெயரில் வரும் வண்டிக்கே பானெட் வடிவம் வருஷத்துக்கு வருஷம் மாறும். முடிந்தால் வண்டியையே கடைக்குக் கொண்டுபோங்கள்.

தகட்டை மெதுவாக வளைத்துப் பாருங்கள். கொஞ்சம் வளைந்து பழைய நிலைக்கு வர வேண்டும். ஓரம் மழமழவென்று இருக்க வேண்டும். வெட்டுக் காயம் போல் பிசிறு இருந்தால் அந்த இடத்திலிருந்துதான் விரிசல் விடும்.

பளபளக்கும் வெள்ளி நிறத் தகடு வேண்டாம். பகலில் வெயில் பட்டு ஓட்டுபவரின் கண்ணில் அடிக்கும். புகை நிறமோ கறுப்போ நல்லது.

கிரில் எனப்படும் முன்பக்கக் காற்று வழியை அது மறைக்கக்கூடாது. ஹெட்லைட், இண்டிகேட்டர், நம்பர் பிளேட் எதையும் மறைக்கக்கூடாது. பம்பரைத் தாண்டி முன்னால் நீட்டிக்கொண்டும் இருக்கக்கூடாது.

மாட்டும் முறையையும் கேளுங்கள். டபுள் சைடு டேப்பில் ஒட்டுவது ஒரு வகை. பானெட்டில் ஏற்கெனவே இருக்கும் துளைகளில் கிளிப்பும் ஸ்க்ரூவும் வைத்து மாட்டுவது இன்னொரு வகை. புதிதாகத் துளை போட வேண்டும் என்றால் வாங்காதீர்கள். துளை போட்ட இடத்தில் துரு ஏறும், வாரண்டியிலும் சிக்கல் வரும்.

வண்டி வாங்கிய ஷோரூமில், கம்பெனியே தரும் தகடு உண்டா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் இரண்டு மூன்று கடைகளில் விலைப்பட்டியல் வாங்கி, கூட்டத்தில் வைத்து முடிவு செய்யுங்கள். சட்டப்படி சரியா என்று சந்தேகம் வந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். பில் கட்டாயம் வேண்டும்.

குடம் சோதனை

இது எங்கள் ஓட்டுநர் தங்கச்சியின் யோசனை. அவள் உயரம் குறைவு, இருக்கையில் மெத்தை போட்டுத்தான் உட்காருவாள். பெரும்பாலான தகடுகளை ஆண்கள் உட்கார்ந்து பார்த்து “ஒண்ணும் மறைக்கல” என்று சொல்லிவிடுகிறார்கள். நமக்கு மறைக்கலாம் அல்லவா?

ஓட்டுபவர் வழக்கம்போல் உட்கார வேண்டும். வண்டியின் முன்னால் ஒரு குடத்தைத் தரையில் வைத்து, மெதுவாகத் தள்ளித் தள்ளிக் கொண்டுபோங்கள். குடத்தின் வாய் எந்த இடத்தில் அவர் கண்ணுக்குத் தெரிகிறதோ அங்கே ஒரு கோடு போடுங்கள். இப்போது இரண்டு பேர் தகட்டை மாட்ட வேண்டிய இடத்தில் பிடித்துக்கொண்டு, திரும்பவும் அதேபோல் பாருங்கள். கோடு முன்னைவிடத் தள்ளிப் போனால், அவ்வளவு தூரம் ரோடு மறைகிறது என்று அர்த்தம். அந்த இடைவெளியில் ஒரு குழந்தையோ ஆட்டுக்குட்டியோ நின்றால் தெரியாது. எங்களுக்கு முதலில் காட்டிய தகட்டில் கோடு இரண்டு அடி தள்ளிப் போனது, வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அடுத்து, உயரம் குறைந்த தகட்டில் கோடு நகரவே இல்லை. அதையே வாங்கினோம்.

மாட்டும் முறை

இரண்டு பேர் இருந்தால் நாமே மாட்டிவிடலாம். தகட்டோடு வரும் குறிப்பை ஒருவர் படித்துச் சொல்லட்டும்.

1. காலை நேரத்தில் நிழலில் வண்டியை நிறுத்துங்கள். உச்சி வெயிலில் சுடும் பானெட்டிலும், மழை ஈரத்திலும் டேப் சரியாகப் பிடிக்காது.

2. பானெட் விளிம்பை ஷாம்பு போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். பிறகு சுத்தமான துணியில் ஸ்பிரிட் நனைத்துத் துடையுங்கள். பாலிஷோ மெழுகோ துளி இருந்தாலும் டேப் விட்டுவிடும். துடைத்த இடத்தைக் கையால் தொடாதீர்கள்.

3. ஒட்டுவதற்கு முன் சும்மா வைத்துப் பாருங்கள். டேப்பால் அளந்து பானெட்டின் நடுவிலும் தகட்டின் நடுவிலும் அடையாளம் வையுங்கள். இரண்டு அடையாளமும் நேராக வர வேண்டும்.

4. தகட்டைப் பிடித்தபடியே பானெட்டை மெதுவாகத் திறந்து மூடுங்கள். தகட்டின் மூலை எங்கேயும் இடிக்கக்கூடாது. பலர் இதை மறந்துவிட்டு, ஒட்டியபின் பானெட்டைத் திறந்து தகட்டை உடைத்துவிடுகிறார்கள்.

5. தகட்டோடு வரும் சின்ன ரப்பர் பொட்டுகளைச் சொன்ன இடத்தில் ஒட்டுங்கள். தகடு பெயிண்டில் உரசாமல் காப்பது இதுதான். எங்கள் முதல் தகட்டில் இது இல்லவே இல்லை.

6. டேப் வகை என்றால், மேல் காகிதத்தை நுனியில் கொஞ்சம் மட்டும் உரித்து வெளியே மடித்துவிடுங்கள். தகட்டை இடம் பார்த்து வைத்தபின் காகிதத்தை மெதுவாக இழுங்கள். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் அழுத்திக்கொண்டு போங்கள். ஒவ்வொரு இடத்தையும் அரை நிமிஷமாவது அழுத்திப் பிடிக்க வேண்டும்.

7. ஸ்க்ரூ வகை என்றால், எல்லா ஸ்க்ரூவையும் முதலில் கையால் மட்டும் திருகி நிறுத்துங்கள். இடம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நடுவிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக இறுக்குங்கள். முழு பலம் போட்டு இறுக்கினால் பிளாஸ்டிக் வெடித்துவிடும். அசையாமல் நின்றால் போதும்.

8. தகட்டுக்கும் பானெட்டுக்கும் நடுவில் இடைவெளி இருக்க வேண்டும். தண்ணீர் வடியவும், உள்ளே சேரும் தூசியைத் துணி விட்டுத் துடைக்கவும் அது வேண்டும்.

9. ஒட்டிய டேப் முழுமையாகப் பிடிக்க 3 நாள் ஆகும். முதல் நாள் தண்ணீர் படக்கூடாது. அந்த 3 நாளும் நெடுஞ்சாலையில் வேகமாகப் போக வேண்டாம். லோடு இல்லாத நாளாகப் பார்த்து மாட்டினால் வருமானம் கெடாது.

10. முதல் ஓட்டம் முடிந்து வந்ததும் தகட்டின் இரண்டு மூலையையும் கையால் அசைத்துப் பாருங்கள். பிறகு வாரம் ஒரு முறை பாருங்கள். விட்டிருந்தால் அன்றைக்கே சரிசெய்யுங்கள், இல்லையென்றால் கழற்றிவிடுங்கள். ஓடும்போது பறந்து பின்னால் வரும் பைக் மேல் விழுந்தால் பெரிய வினையாகிவிடும்.

மாட்டிய பிறகும் மறக்கக்கூடாதவை

மோதிய பூச்சி வெயிலில் காய்ந்தால் பெயிண்டை அரிக்கும். ஈரத்துணியைப் பத்து நிமிஷம் போட்டு ஊறவைத்துத் துடையுங்கள். தேங்காய் நார், இரும்பு நார் போட்டுத் தேய்க்காதீர்கள்.

கிரில் வழியாகப் போகும் பூச்சியை இந்தத் தகடு தடுக்காது. அது ரேடியேட்டரில் அடைந்தால் எஞ்சின் சூடாகும். எஞ்சின் ஆறியபின், வேகம் குறைந்த தண்ணீரால் உள்ளிருந்து வெளிப்பக்கமாகக் கழுவ வேண்டும். சிலர் கிரிலில் கொசுவலை கட்டுகிறார்கள். நெருக்கமான வலை காற்றை அடைத்து எஞ்சினைச் சூடாக்கிவிடும், வேண்டாம்.

ஈசல் கூட்டம் கண்ணாடியை மறைத்தால், வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடமாகப் பார்த்து ரோட்டைவிட்டு இறக்கி நிறுத்துங்கள். நாலு இண்டிகேட்டரையும் எரியவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கிளம்புங்கள். எங்கள் வண்டியில் இப்போது ஒரு பாட்டில் தண்ணீரும் இரண்டு பழைய பருத்தித் துணியும் எப்போதும் இருக்கும்.

பலன் என்ன?

உள்ளதைச் சொல்கிறேன். வண்டும் வெட்டுக்கிளியும் இன்னும் அடிக்கத்தான் செய்கின்றன. சின்னப் பூச்சி மட்டும் நெடுஞ்சாலையில் கண்ணாடியில் அப்புவது குறைந்திருக்கிறது. “எதுக்கா ரொம்ப உதவுச்சு?” என்று தங்கச்சியைக் கேட்டேன். “முதல்ல வைப்பரும் தண்ணியும். அப்புறம்தாக்கா தகடு” என்றாள். செலவிலும் அந்த வரிசைதான் சரி.

அவள் சொன்ன இன்னொன்றுதான் எங்களைச் சுட்டது. “வைப்பர் சரியில்லன்னு நான் ரெண்டு மாசம் முந்தியே நினைச்சேன். சின்னச் செலவுக்குக் கூட்டத்துல எப்படிக் கேக்கறதுன்னு விட்டுட்டேன்.” தவணை எவ்வளவு, டீசல் எவ்வளவு, லோடு எவ்வளவு என்று வாராவாரம் கேட்ட நாங்கள், வண்டி எப்படி இருக்கிறது, ஓட்டுகிற உனக்கு என்ன குறை என்று ஒரு நாளும் கேட்கவில்லை. இப்போது கூட்ட நிகழ்ச்சி நிரலில் கணக்குக்கு முன்னாலேயே அந்தக் கேள்வியைச் சேர்த்துவிட்டோம்.

உங்கள் குழுவிலோ கூட்டமைப்பிலோ வண்டி இருந்தால், அடுத்த கூட்டத்தில் ஓட்டுகிற சகோதரியை முதலில் பேசச் சொல்லுங்கள். கூட்டம் முடிந்ததும் எல்லோரும் எழுந்துபோய் அந்த வைப்பர் ரப்பரை ஒரு தடவை தொட்டுப் பாருங்கள்.